பெரிய வீட்டு அம்மாவின் குரல்

இன்று அலமாரியை ஒழித்தபோது உன் பெயர் எழுதிய ஒலிநாடா ஒன்று கிடைத்தது. போட்டுக் கேட்டேன். "வணக்கம். கிட்னி டாக்டர பாக்கணும்னா ரெண்ட அமுக்குங்க." நீ இறந்து ஐந்து மாதமாகிறது. குரல் அப்படியே இருக்கிறது.

தொண்ணூறுகளில் மலேசியாவின் மலாக்கா நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு, தொலைபேசிப் பிரிவில் இருவரும் வேலை பார்த்தோம். நீ நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர் ஒருவரின் பேத்தி. வீட்டில் என் தமிழைத் திருத்தித் திருத்தியே வளர்த்தார்கள். தானாகப் பதில் சொல்லும் இயந்திரம் வந்தபோது நம் இருவர் குரலையும் பதிவு செய்தார்கள். நிர்வாகிக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அதிகாரி ஒருவரைக் கேட்டார். அவர் உன்னுடையது எஸ்டேட் தமிழ், மருத்துவமனையின் மதிப்பு கெட்டுவிடும் என்று ஒதுக்கினார். ஆங்கிலக் குரலுக்கு மட்டும், எல்லாருக்கும் புரியும்படி பேசுபவர் வேண்டும் என்று தேடினார்கள். "சிறுநீரகப் பிரிவிற்கு இரண்டை அழுத்தவும்" என்று என் குரல் இயந்திரத்தில் ஏறியது. நான் மறுக்கவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

சில வாரங்கள் கழித்து சுங்கை ரம்பாயிலிருந்து ஓர் அம்மா, கால் வீங்கிய கணவரை அழைத்துக்கொண்டு பஸ் மாறி வந்து உன் முன்னால் நின்றார். போன் செய்து நாள் வாங்கியிருக்கலாமே என்று கேட்டாய்.

"மூணு தடவ அடிச்சேன்மா. யாரோ பெரிய வீட்டு அம்மா எடுத்தாங்க. பயந்து வெச்சிட்டேன்."

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தாய். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாய். கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்றிருந்தது.

மறுநாள் அதிகாரியிடம் போய் உன் பதிவைப் போடச் சொன்னேன். மக்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். இன்னும் இரண்டு முறை கேட்டுச் சலித்துத் திரும்பியபோது நீ சொன்னாய்: "விடுலா. ஸீரோவ அமுக்குனா நான் இருக்கேன்ல."

பூஜ்யத்தை அழுத்தினால் இயந்திரத்தை விட்டு அழைப்பு நேராக உன்னிடம் வரும். தோட்டத்து ஆட்களிடமெல்லாம் அதையே சொல்லி அனுப்பினாய். வருடக்கணக்கில் அப்படித்தான் ஓடியது. இயந்திரம் என் தமிழில் பேசியது. புரியவைக்கும் வேலையைத் தொண்டை கட்டிய நாளிலும் நீ செய்தாய்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து யாராவது தயங்கித் தயங்கித் தமிழில் பேசினால், ஒரு கணம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "சொல்லுங்கம்மா" என்கிறேன். அவர்கள் போனை வைத்துவிடக் கூடாதே.