முதல் விருப்பம் சமூகவியல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. அது யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ நாலு தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. நீ பேச ஆரம்பித்தால் நான் சரிப்பா சரிப்பா என்று தலையாட்டிவிடுவேன். இந்த விஷயத்தில் தலையாட்டுவதாக இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தங்கச்சிக்காக நீ நிரப்பி அனுப்பிய கம்ப்யூட்டர் படிப்பு விண்ணப்பத்தை நாங்கள் கொடுக்கவில்லை. நேற்றுக் காலை நானும் அவளும் கல்லூரிக்குப் போய் வேறு விண்ணப்பம் வாங்கினோம். முதல் விருப்பம் என்ற கட்டத்தில் சமூகவியல் என்று எழுதினாள். இரண்டாவது வரலாறு. மூன்றாவதைக் காலியாக விட்டாள். கவுன்டரில் இருந்த அம்மாள், ஒரு பாதுகாப்புக்காவது வேறு ஏதாவது எழுதி வையுங்கள் என்றார். தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். கையெழுத்தும் என்னுடையது. திட்டுவதானால் என்னைத் திட்டு.

ஏன் இப்படி என்று கேட்பாய். போன மாதம் ஒரு பதினாலு மாடிக் குடியிருப்பில் முன்பக்க லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. என்னோடு வேலை செய்பவருக்குக் காய்ச்சல். டார்ச் பிடிக்க ஆளில்லாமல் சின்னவளைக் கூட்டிப்போனேன். முக்கால் மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் பார்த்தால் இவளைக் காணோம். ஒன்பதாம் மாடிப் படிக்கட்டில், வீட்டு வேலைக்கு வரும் ஒரு அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது.

அந்தக் கட்டடத்தில், வேலைக்கு வருபவர்கள் பின்பக்க லிஃப்டில்தான் போகவேண்டும் என்று ஒரு பலகை உண்டு. பின்பக்க லிஃப்ட் ஓடி ஐந்து மாதமாகிறது. முன்பக்கத்தில் கதவு மோட்டார் பழுதானபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொன்னாரென்று பின்பக்கத்து மோட்டாரைக் கழற்றி மாட்டியவனே நான்தான். பதிவேட்டில் மாதா மாதம் 'பாகம் வரவேண்டும்' என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

சின்னவள் அதோடு விடவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அங்கே போய், வேலைக்கு வரும் முப்பத்தெட்டுப் பேரிடம் பேசினாள். யார் எந்த மாடியில் எத்தனை வீட்டில் வேலை செய்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுகிறார்கள் என்று அட்டவணை போட்டாள். ஒருத்தி அறுபத்தொரு மாடி ஏறுகிறாள். இன்னொருத்திக்கு ஏழாவது மாதம். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "முன்னாடி லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா உடனே சொல்றீங்க. பின்னாடி லிஃப்ட் அஞ்சு மாசமா நிக்குதே, ஏன் யாருமே கேக்கலைன்னு சொல்லுங்கப்பா."

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பார்க்கிறேன். அந்த மோட்டாரைக் கழற்றியது நான்தான் என்று அவளிடம் சொன்னேன்.

அந்த வாரமே வருடாந்திரப் பரிசோதனை வந்தது. பின்பக்க லிஃப்டைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பலகையைக் கழற்றுங்கள், அதுவரை கையெழுத்துப் போடமாட்டேன் என்று பதிவேட்டிலேயே எழுதிவிட்டேன். செயலாளர் எங்கள் மேலாளருக்குப் போன் போட்டார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, உனக்கு எதற்கய்யா ஊர் வம்பு என்றார். நான் கழற்றின மோட்டார், நான்தான் பதில் சொல்லணும் என்றேன். இப்போது என்னை இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். போகட்டும். பலகையைக் கழற்றிவிட்டார்கள். எல்லோரும் முன்பக்க லிஃப்டில்தான் போகிறார்கள். எட்டாம் மாடிக்காரர் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறாராம். நிற்கட்டும், கழுத்துக்கு நல்லது.

இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசப்போவதும் இல்லை. உன் சித்தப்பா வந்து, மார்க் குறைந்துவிட்டதா என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். மார்க் நிறைய, அதனால்தான் கேட்ட பாடம் கிடைக்கும் என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கதைப் புத்தகம் படிக்க நூலகம் இருக்கிறது, காலேஜில் சோறு போடுகிறதைப் படிக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். எங்கேயோ கேட்ட பேச்சாக இருக்கிறதே என்று யோசித்தேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு உன்னிடம் நான் சொன்னது அது. ஒரு வார்த்தை மாறவில்லை. அன்றைக்கு உன் விண்ணப்பத்தில் நீ எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே என் கையால் வேறு பாடத்தை எழுதினேன். நீ சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய். என் பிள்ளை எதிர்த்துப் பேசமாட்டான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் எதிர்த்துப் பேசுகிறாள். பேசட்டும். அவள் விண்ணப்பத்தில் யாரும் கை வைக்கவேண்டாம். நீயும்தான்.

பரணில் அட்டைப்பெட்டியில் உன் வரலாற்றுப் புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. நான் பழைய தாளுக்குப் போடச் சொன்னபோது உன் அம்மா ஒளித்துவைத்திருக்கிறாள், எனக்கே இப்போதுதான் தெரியும். சின்னவள் கேட்கிறாள். அண்ணனைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தரலாமா, உனக்கே வேண்டுமா என்று எழுது.

கல்லூரியில் இன்னொன்றும் விசாரித்தேன். அந்தப் பாடங்களில் சேர வயது வரம்பு எதுவும் கிடையாதாம்.

வேளைக்குச் சாப்பிடு. உன் இஷ்டப்படி நன்றாக இரு, கண்ணா.

உன்
அப்பா