ஐந்து மணிக்குக் கரண்ட் போகிற வீடு

என் ஆசை மாமிக்கு,

கரண்ட் இப்போது நிற்பதேயில்லை. நீங்கள் போன பிறகு ஒருநாள்கூட ஐந்து மணிக்கு நிற்கவில்லை. இதைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இதைக் கேட்டு நீங்கள் என்ன முகம் வைத்துக்கொள்வீர்கள் என்று பார்க்க எனக்குச் சரியான ஆசை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரில் உங்களைப் பற்றி எழுதியது நான்தான். 'சாந்தமே உருவானவர், சூதுவாது அறியாதவர்' என்று எழுதினேன். எல்லா மலர்களிலும் அப்படித்தானே இருக்கும். அச்சடித்து எங்கள் மடத்துவெளி ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகுதான் உங்களுடைய சூதும் வாதும் எனக்குத் தெரியவந்தன. ஆகவே இதைத் திருத்திய பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊராரும் வாசிப்பார்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் வேலை உங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கொழும்பில் இருக்கிற ஒரு கம்பனிக்காக, இங்கிலாந்தில் கட்டப்போகிற வீடுகளுக்கு, புங்குடுதீவில் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு கணினியில் படம் கீறுகிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் கனடாவில். "இஞ்சை இருக்கிற வீட்டுக்கே ஆக்கள் இல்லை, நீர் ஆருக்குப் பிள்ளை வீடு கீறுறீர்?" என்று நீங்கள் கேட்பீர்கள்.

ஆனால் அது வேலை என்பதை ஊரிலேயே முதலில் நம்பியது நீங்கள்தான். மற்றவர்களுக்கு நான் வீட்டில் சும்மா இருக்கிற மருமகள். முன்வீட்டுக் குணமக்கா விண்ணப்பப் படிவங்களை நிரப்பித்தரச் சொல்லி ஒரு கட்டாகக் கொண்டுவருவார். இன்னொருவர் தன் அடுப்பில் அவியும் பனங்கிழங்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். நான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு ஏலாது என்று சொல்ல வாய் வராது. அது என் பிறவிக் குணம்.

ஒருநாள் நீங்கள் விறாந்தைக் கதிரையைத் தூக்கிவந்து என் அறை வாசலில் போட்டு அதில் அமர்ந்தீர்கள். குணமக்கா வந்தார்.

"வதனி நிக்கிறாவோ?"

"அவ கந்தோருக்குப் போட்டா."

"சிரிச்சுக் கதைக்கிற சத்தம் கேக்குது?"

"கந்தோரிலை சிரிக்கக் கூடாதெண்டு சட்டமே? அஞ்சு மணிக்கு வருவா. பிறகு வாரும்."

கதவுக்கும் கதிரைக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்த அறைதான் என் அலுவலகம், கந்தோர் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. நீங்களே உள்ளே வரும்போது நல்ல சேலை ஒன்றை மாற்றிக்கொண்டுதான் வருவீர்கள். திரையில் இருப்பவர்கள் பார்ப்பார்களாம். கமரா மூடியிருக்கிறது என்று எத்தனை தரம் சொன்னேன்? "உவங்களை நம்பேலாது" என்றுவிட்டு, தேத்தண்ணியை வைக்கும்போது திரையைப் பார்த்து ஒரு சின்னக் கும்பிடும் போடுவீர்கள்.

ஊராரை நீங்கள் தடுத்துவிட்டீர்கள். கொழும்பைத் தடுக்கக் கதிரை போதவில்லை. ஒப்பந்தக் கடதாசிப்படி என் வேலை எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. ஆனால் எங்களுக்கு மத்தியானம் தாண்டிய பிறகுதான் இங்கிலாந்துக்காரர் சோம்பல் முறித்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் மனேஜரைக் கேட்பார்கள், மனேஜர் என்னைக் கேட்பார், நான் ஓம் என்பேன். ஐந்து மணி ஆறாகி, ஆறு எட்டானது. நீங்கள் கதவைத் தட்டினால், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே "ஒரு நிமிசம் மாமி" என்பேன். அந்த ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் புட்டு அவித்து, சம்பல் இடித்து, சாப்பிட்டு, கோப்பையும் கழுவிவிடுவீர்கள்.

"பிள்ளை, நான் கடைக்குப் பின்னாலை குடியிருந்தவள்" என்று ஒருநாள் சொன்னீர்கள். மாமா மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில், கடையும் வீடும் ஒன்றாக இருந்ததாம். முன்கதவைப் பூட்டினால் சனம் பின்கதவைத் தட்டுமாம், நெருப்புப்பெட்டி ஒன்றுக்காக. "உம்மடை மாமா ஒருநாளும் ஒரு கோப்பைச் சோத்தை இருந்த இருப்பிலை திண்டு முடிச்சதில்லை. பாதியிலை எழும்பிப் போவார். வர, சோறு காய்ஞ்சிருக்கும்." நான் அதற்கும் "ஓம் மாமி, ஒரு நிமிசம்" என்றேன்.

அடுத்த கிழமை தொடக்கம் ஐந்து மணிக்குக் கரண்ட் போகத் தொடங்கியது.

ஒவ்வொரு நாளும் போகும். லப்டொப்பில் பற்றரி இருந்தும் பயனில்லை, இணையப் பெட்டி செத்துவிடும். போனில் சிக்னல் பிடிக்கக் கிணற்றடியில் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். சனி ஞாயிறு மட்டும் போகாது. போன கரண்ட், நீங்கள் பார்க்கிற ரீவி நாடகம் தொடங்கச் சரியாகப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்துவிடும். பட்டதாரி நான், இரண்டு வருடமாக இதை ஒரு தற்செயல் என்று நம்பினேன்.

பக்கத்து வீடுகளில் ஆட்கள் இருந்திருந்தால் அவர்களைக் கேட்டிருப்பேன். குணமக்கா பின்னேரங்களில் வீட்டில் நிற்பதேயில்லை. மனேஜரிடம் சொன்னேன், அவர் நல்ல மனிதர், உச்சுக்கொட்டினார். "தீவுதானே, என்ன செய்யலாம்" என்று என் பெயருக்கு நேரே 'ஐந்து மணி, மின்வெட்டு' என்று குறித்துவைத்தார். அதன்பிறகு ஐந்து மணிக்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் நீங்களும் நானும் முற்றத்தில் இருப்போம். நீங்கள் என் தலையை இழுத்துவைத்துப் பேன் பார்ப்பீர்கள். பேன் இல்லை என்று தெரிந்தும் பார்ப்பீர்கள். ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரையும் பற்றிக் கதைப்போம். என் கலியாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான் மாமி. இதை உங்கள் மகன் வாசித்தாலும் பரவாயில்லை.

என் மனச்சாட்சி சும்மா இருக்கவில்லை. சம்பளம் வாங்குகிறேன், வேலை தடைப்படுகிறதே என்று கரண்ட் கந்தோருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதில் முதல் கையெழுத்துப் போட்டது யார்? நீங்கள். கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டு, முழுப்பெயரும் எழுதினீர்கள். கந்தோரிலிருந்து வந்த பெடியன் கம்பத்தில் ஏறி அரைமணி நேரம் தேடினான். நீங்கள் கீழே தேத்தண்ணியோடு நின்று, "வயர் பழசாக்கும், என்ன தம்பி?" என்று அப்பாவியாகக் கேட்டீர்கள். அவன் ஒன்றும் பிடிபடாமல், பக்கத்துக் கனடாக்காரர் வீட்டு வளவில் நின்ற வேம்பின் கொப்பு ஒன்றைத் தறித்துவிட்டுப் போனான். அந்த வேம்பு என்ன பாவம் செய்தது மாமி?

பிறகு நீங்கள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

அந்தியேட்டி முடியும்வரை மனேஜர் எனக்கு அரைநாள் வேலைதான் தந்தார். முடிந்து முதல் முழுநாள், பழக்கத்தில் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எல்லாவற்றையும் சேமித்துவிட்டு எழும்பி நின்றேன். ஐந்தானது. ஐந்தேகாலானது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. விண்ணப்பம் இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்று நினைத்து, கரண்ட் கந்தோருக்குப் போன் எடுத்து நன்றி சொன்னேன்.

"அக்கா, உங்கடை பக்கம் அஞ்சு மணிக்கு நாங்கள் ஒருநாளும் நிப்பாட்டினதில்லையே" என்றது அந்தப் பக்கம்.

உங்கள் மகன் கூட்டுறவுச் சங்கக்கடை வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு கையால் விறாந்தை மூலையைக் காட்டினார். அங்கே கொக்கத்தடி நின்றது. முருங்கைக்காய் பிடுங்குகிற கொக்கத்தடி. எங்கள் முருங்கை விழுந்து இரண்டு வருடம். பிறகு எதற்கு அது வீட்டுக்குள் நிற்கிறது என்று நான் ஒருநாளாவது யோசித்தேனா? அதற்கு நேர் மேலே மெயின் சுவிச்.

"கொளுவி இழுத்து நிப்பாட்டுவா. உமக்குச் சொன்னா எனக்குச் சோறு இல்லையெண்டவ" என்றார்.

மாமி, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாக நான் மனேஜரிடம் மனதார நம்பிக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறேன். அரசாங்க உத்தியோகத்தரைக் கம்பத்தில் ஏற்றியிருக்கிறேன். பிறகு கோபம் போய், உங்களைக் கூப்பிட்டு ஒரு ஏச்சு ஏசவேண்டும் என்ற ஆசை வந்தது. அதற்குத்தான் நீங்கள் இல்லையே. அன்று சமைக்கவில்லை, பேக்கரிப் பாண்தான் சாப்பிட்டோம்.

உண்மை தெரிந்ததும் நான் திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கரண்ட் இருந்தது, மனேஜர் கேட்டார், நான் ஓம் என்றேன். ஐந்து மணி மறுபடி எட்டானது. உங்கள் மகன் தனியாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டார். நான் கீறுகிற வீடுகளில் பெரிய பெரிய சாப்பாட்டு மேசைகள் போடுவேன், நான் சாப்பிடுவது விசைப்பலகைக்குப் பக்கத்தில்.

போன மாதம் மனேஜர் கூப்பிட்டார். "இப்ப உங்கட பக்கம் கரண்ட் சரிதானே வதனி? உங்களத்தான் குழுவுக்குத் தலைவியா போட இருக்கிறம். தினமும் அஞ்சரைக்கு ஒரு மீற்றிங் மட்டும் இருக்கும்" என்றார். மூன்று வருடமாக நான் ஆசைப்பட்ட பதவி. ஆனால் ஐந்தரைக்குத் தொடங்குகிற மீற்றிங் எத்தனைக்கு முடியும் என்று யாருக்குத் தெரியாது? இதற்கும் தலையாட்டினால் அந்தப் பின்னேரம் எனக்கு இனி ஒருநாளும் திரும்பி வராது என்று தெரிந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் செய்த வேலை இதுதான். உங்கள் மகனிடம் போய், "இஞ்சேருங்கோ, அஞ்சு மணிக்கு நீங்கள் ஒருக்கால் மெயின் சுவிச்சை நிப்பாட்டுவீங்களே?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா உமக்குத் தெரியாமல் நிப்பாட்டினவ. நீர் தெரிஞ்சுகொண்டே என்னை நிப்பாட்டச் சொல்லுறீர். அது சரிவராது வதனி. உம்மடை வாயாலை நீர்தான் சொல்லோணும்."

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், கோழிகளுக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மனேஜருக்கு எடுத்தேன்.

"சேர், எங்கடை வீட்டிலை கரண்ட் ஒருநாளும் போகேல்லை. என்ரை மாமி மெயின் சுவிச்சை நிப்பாட்டினவ. எனக்கு இப்பதான் தெரியும். தலைவி வேலை எனக்கு விருப்பம் சேர். ஆனா அஞ்சு மணிக்குப் பிறகு எனக்கு ஏலாது."

வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

"ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டார்.

"சனி ஞாயிறு லீவு சேர்."

மனிதர் சிரித்த சிரிப்பில் என் போன் அதிர்ந்தது. பிறகு சொன்னார்: "மீற்றிங்க மூணு மணிக்கு வைக்கலாம். அங்க அப்ப காலைதானே. இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கல்ல." மாமி, ஒருவரும் கேட்கவில்லையாம். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வேம்பாவது தப்பியிருக்கும்.

இந்தத் திங்கள் ஐந்து மணிக்கு லப்டொப்பை மூடிவிட்டு முற்றத்துக்கு வந்தேன். உங்கள் மகனும் கதிரையைப் போட்டு எனக்கு முன்னால் அமர்ந்தார். இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மாவும் நீரும் இந்த நேரத்திலை என்ன செய்யிறனீங்கள்?"

"ஆக்களைப் பற்றிக் கதைப்பம்."

"அப்ப கதையும்."

விளக்கு வைக்கும்வரை உங்களைப் பற்றித்தான் கதைத்தோம் மாமி. நல்லதாக ஒரு சொல்லும் இல்லை. உங்கள் பிடிவாதம், உங்கள் கள்ளத்தனம், நல்ல சேலை கட்டிக்கொண்டு நீங்கள் போட்ட கும்பிடு. அவர் தன் அம்மாவைப் பற்றி அவ்வளவு கதைத்து நான் கேட்டதேயில்லை. அவர் கண்ணைத் துடைத்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இன்னும் பாதிகூட முடியவில்லை. நாளைக்கும் ஐந்து மணிக்குக் கந்தோரிலிருந்து எழும்பி வருவேன், மீதியையும் உங்களைப் பற்றியே கதைப்போம். இது சத்தியம்.

உங்களிடம் இரண்டு வருடம் ஏமாந்த ஒரே மருமகள்,
வதனி