லெந்துக்கு முந்தின நாள் நின்ற வண்டி

இன்று காலை எங்கள் தெருமுனையில் ஒரு வாடகைக் கார் நின்றுபோனது. டிரைவர் இறங்கியதும் பெரிய ஸ்பேனரோடு எஞ்சினுக்குள் தலையை விட்டார். பெட்ரோல் வாசனை என் அறைக்குள் வந்தது. கூடவே, சிநேகிதரே, உம் நினைவும் வந்துவிட்டது. "சின்னதை முதல்ல பாரும்வே, பெரிசு எங்கயும் ஓடிராது" என்பீரே, அதை அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் நீர் வாங்கிய மோட்டார் சைக்கிள் அப்போது நம் பக்கத்தில் கோவில் யானையைவிட அபூர்வம். வீட்டார் முந்தின நாளே மாட்டுவண்டியில் பாளையங்கோட்டைக்குப் போய்விட, மாப்பிள்ளையான என்னை மட்டும் உம் வண்டியில் கூட்டிப்போக நீர் பிடித்துவைத்துக்கொண்டீர். விடிந்து பார்த்தால் விளக்கு, கைப்பிடி, பெட்ரோல் தொட்டி, அதன் மூடி எல்லாம் சந்தனமும் குங்குமமும். எங்கள் சபையார் என்ன சொல்வார்கள் என்றேன். "ஞானஸ்நானம் உமக்குத்தானவே, வண்டிக்கு இல்லல்லா" என்றீர்.

கல்யாணத்துக்கு மறுநாள் லெந்து தொடக்கம், எங்கள் தவக்காலம். அந்த நாற்பது நாளும் எங்களில் கல்யாணம் கிடையாது. பெண்ணின் தகப்பனாரோ, நேரம் தவறுகிறவனுக்குப் பெண் கொடுக்க ரெண்டு தடவை யோசிக்கிற மனிதர்.

நாங்குநேரி தாண்டியதும் வண்டி இருமிவிட்டு நின்றது. நீர் பதறவில்லை. மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினீர். பிளக் கம்பியை அழுத்தினீர். கல்யாணக் கோட்டோடு ஓடித் தள்ளினேன், கிளம்பியது. கம்பிதான் காரணம் என்றீர். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. மறுபடியும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்தீர், ஓடியது. கரிதான் காரணம் என்றீர். என் ஜெபம்தான் காரணம் என்றேன் நான். மூன்றாம் முறை நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மாப்பிள்ளை அழப்பிடாதுவே, பைய பாப்போம்" என்று மூடியைத் திறந்தீர். உஸ்ஸென்று ஒரு சத்தம்.

காற்றுப் போக மூடியில் ஒரு பொடித் துளை உண்டல்லவா, அதன்மேல் நீர் ஆசையாய் அப்பிய சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்ததில்தான் வண்டி பிழைத்திருக்கிறது; பேர் வாங்கியது கம்பியும் கரியும் என் ஜெபமும். நடுரோட்டில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தோம். "நல்லதுக்குத்தானவே வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே ரோட்டோர உடைமரத்தில் ஒரு முள்ளை ஒடித்துத் துளையைக் குத்திவிட்டீர். அப்புறம் வண்டி எங்கும் நிற்கவில்லை.

எங்கள் சபைக் கோவில் மணி அடித்து ஓய்வதற்குள் என்னை வாசலில் இறக்கிவிட்டீர். கோட்டெல்லாம் புழுதி, மூக்கில் கரி. மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முக்காட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தவள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். லெந்து முடியும்வரை காத்திருந்தால் சுத்தமான கோட்டோடு போயிருப்பேன்; அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது. இப்போதும் உம் பேச்சை எடுத்தால் அவள் அப்படியேதான் சிரிக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனசு உம்மைத் தேடுகிறதுவே.