கிரகணத்தன்று எடுத்த கத்தரி

அன்புள்ள நஸ்னீன் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தம்பி ரியாஸ். அந்த ஊர்க் குளிரில் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஃபோன் இருக்கும்போது மெயில் எதற்கு என்று திட்டாதே. வீட்டில் ஷாஹிஸ்தா காதில் விழாமல் பேச இடமில்லை. கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் குழந்தையை அடக்கம் செய்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் முதுகுத்தண்டே மூடவில்லை, பிழைக்காது என்றார்கள். அதற்கு முந்தின வாரம் கிரகணம். அன்று சாயந்திரம் அவள் ஒரு கல்யாணப் புடவை முந்திக்குக் குஞ்சம் கட்டி, நூலை வெட்டினாள். கத்தரிய வைம்மா, புள்ளைக்கு ஆவாது என்று அம்மா அப்போதே கத்தியது.

கிரகணம் யார் பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் வருவதில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து சொன்னார். அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆமாங்க ஹஜ்ரத் என்றது. அவர் தெருமுனை திரும்புவதற்குள், நான் அன்னிக்கே சொன்னேன் என்று ஆரம்பித்துவிட்டது. பெற்ற தாயாச்சே, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

டாக்டரையும் ஷாஹிஸ்தா நம்பவில்லை. உன்னைத்தான் நம்புகிறாள். கடல் பாறையில் பை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பிராணியின் கருவில், பிறகு மூளையும் தண்டுவடமுமாக ஆகிற நரம்புக் குழாய் மூடுவதை ஆராய்ச்சிக்கூடத்தில் நேரில் பார்க்கிறவள் நீ. எந்த செல்லில் எந்த ஜீன் எப்போது வேலை செய்கிறது என்று நீ சாயம் ஏற்றி எடுத்த படத்தை ஃபோனில் வைத்திருந்தாள். வாலிலிருந்து தலைப்பக்கமாக ஜிப் இழுக்கிற மாதிரி மூடுமாம், எங்க நாத்தனார் பார்த்திருக்காங்க என்று அக்கம்பக்கத்தில் பெருமையடிப்பாள்.

போன வாரம் அவள் உன்னிடம், ஏன் இப்படி ஆனது என்று கேட்டாள். தெரியாது என்றாய். உண்மைதான். ஃபோனை வைத்ததும், அக்காவுக்கே தெரியலயாம், அப்போ கத்தரிதான் என்றாள்.

மனிதக் குழந்தைக்கு அந்தக் குழாய் முதல் மாதத்திலேயே மூடிவிடும், கிரகணத்துக்கு ரொம்ப முன்பே முடிந்த காரியம் என்று நீ எனக்கு விளக்கியதை அவளிடம் சொன்னேன். வினையே வந்தது. அப்போ முதல் மாசம் நான் என்ன பண்ணேன் என்று தேடிக்கினு இருக்கிறாள். திருமுக்கூடலுக்கு வண்டியில் போனது, பப்பாளி தின்றது, மாடிப்படி ஏறியது, எல்லாமே இப்போது குற்றம். இனிமே எனக்கு எந்தப் புள்ளையும் வேணாம், நான் தொட்டா தங்காது என்று நேற்று அழுதாள்.

கபர்ஸ்தானில் பிள்ளையைக் கையில் வாங்கினேன் அக்கா. முதுகைப் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தேன். உன் சாயல்.

காரணம் உனக்குத் தெரியாவிட்டால் போகட்டும், பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் ஷாஹிஸ்தா செய்த எதனாலும் இது வரவில்லை என்பது உனக்குத் தெரியும்தானே? அதை மட்டும் உன் கையால் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. ஜீன் பெயரெல்லாம் வேண்டாம். அவள் தானாகப் படிக்க மாட்டாள், நான்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அப்போதாவது நானும் அதைக் காதால் கேட்பேன்.

அல்லாஹ் உன் கைகளுக்கு பரக்கத் தரட்டும்.

உன் தம்பி,
ரியாஸ்