பஸ்ஸை விட்ட சோகம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மட்டும் நாற்பத்தோரு தடவை ‘சோக இசை’ என்று தட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று யாராவது கேட்டால், இல்லை, இதுதான் வேலை.

காது கேளாதவர்கள் படம் பார்க்கும்போது திரையின் அடியில் எழுத்து ஓடுமே, அதை எழுதுகிறவள் நான். பேசுவதையெல்லாம் எழுத வேண்டும். கதவைத் தட்டினால் [கதவு தட்டும் ஓசை]. பின்னணியில் இசை வந்தால் மட்டும் சொந்தமாக மூளையைக் கசக்கக் கூடாது. அலுவலகம் அனுமதித்த பன்னிரண்டு பெயர்கள் உண்டு: சோக இசை, மகிழ்ச்சி இசை, பரபரப்பு இசை, மெல்லிய இசை, இப்படி. பட்டியலை லேமினேட் செய்து எல்லார் மேசையிலும் ஒட்டியிருக்கிறார் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா சார். ஒரு கமா இடம் மாறினால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

ஹெட்போனில் யாரோ உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள். நான் பட்டியலில் முதல் வரியைத் தட்டுகிறேன்.

மார்ச் 7, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பல் செட் செய்பவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல்லை அடுக்குவாள். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே யாரோ ஒருவரின் மேல்வரிசை முழுதாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. பழகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரக் காய்ச்சல். போகும்போது அவளுடைய இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கருவி வைத்தும் பிரயோஜனமில்லை. இப்போது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். புரியாவிட்டால் என் போனை நீட்டி “எழுது” என்கிறாள். தன் குரலின் அளவுதான் அவளுக்குப் பிடிபடுவதில்லை. ரகசியத்தைக் கத்துவாள்.

பள்ளிக்கூட நாளில் என்னைத் தியேட்டருக்கு இழுத்துப் போனவள் இவள்தான். கதைக்காக இல்லை, கதாநாயகனுக்காகவும் இல்லை. பின்னணி இசைக்காக. நல்ல இடம் வந்தால் என் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். “பாட்டு எல்லாருக்கும் கேக்கும். இதைக் கேக்கத்தான் காது வேணும்” என்பாள். காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவளைத் திரும்பவும் ஒரு படத்தின் முன்னால் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இன்று கெஞ்சிக் கூத்தாடி, போன மாதம் நான் எழுதிய படம் ஒன்றைப் போட்டேன். பன்னிரண்டு நிமிஷம் தாங்கினாள். மனைவி விட்டுப் போன வீட்டில் ஒருத்தன் தன் சட்டையை மடித்து வைக்கிறான். அடியில் [சோக இசை].

அக்கா என் பக்கம் திரும்பினாள். “என்ன சோகம்? செத்த சோகமா, பஸ்ஸை விட்ட சோகமா?”

அவள் எழுந்து போய் மெழுகைச் சூடாக்க ஆரம்பித்துவிட்டாள். கோபம்கூடப் படவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

அந்தக் காட்சியை ஏழு தடவை கேட்டேன். வயலின் பெரிதாக அழவே இல்லை. ஒரு வரி வாசிக்கிறது, நிற்கிறது, அதே வரியை மறுபடி வாசிக்கிறது. அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. அவள் அடுத்த வண்டியில் வந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் சட்டையை மடிக்கிறான்.

பஸ்ஸை விட்ட சோகம். இதை எழுதாமல் என்ன எழவை எழுதினேன் நான்?

மார்ச் 11, புதன்

ஒரு நல்ல சேதி. கமா சார் சரிபார்ப்பது எந்தப் படத்திலும் முதல் பத்து நிமிஷம், கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்தான். நடுவில் இருப்பதெல்லாம் என் ராஜ்யம்.

இன்று சேர்த்தவை:

[வயலின் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிடுகிறது]

[பெரிய குழல் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிறது]

[மேலே புல்லாங்குழல் காதலிக்கிறது. அடியில் செல்லோவுக்கு நம்பிக்கை இல்லை]

எழுத்து திரையில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று பார்ப்பவள் பக்கத்து சீட்டுக்காரி. செல்லோ என்கிற பெரிய வயலினில் வந்து நின்றாள். இது பன்னிரண்டில் எத்தனாவது என்று கேட்டாள். பதின்மூன்றாவது என்றேன். படிக்க நேரம் வேண்டுமே என்று இரண்டு நொடி கூட்டிக் கொடுத்தாள். கூட்டாளி சிக்கிவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

எனக்கு உயிரான பின்னணி இசைகளைப் பற்றி அக்காவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கலங்கரை விளக்கக் காவல்காரன் படம். கடலைக் காட்டும்போது அதில் இசையே கிடையாது. கடல்தான் சத்தம் போடுகிறதே, நான் எதற்கு என்று ஒதுங்கிவிடுகிறார் இசையமைப்பாளர். அவன் ஒற்றைத் தட்டைக் கழுவும்போதுதான் பியானோ வருகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று காதைப் பிடித்துத் திருப்புகிற இசை. அப்புறம் திருடர்கள் படம். கொள்ளை முழுக்க ஒரு தாலாட்டு. ஒரு டமாரம் கிடையாது. ஆனால் உள்ளே தூங்கும் குழந்தை எழுந்துவிடுமோ என்று நாமே சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்போம். இரண்டும் அவளோடு சேர்ந்து கேட்டவை.

மூன்றாவது, போன வருஷம் வந்த ஒரு மகா மட்டமான படம். கதாநாயகன் முகத்தில் ஒன்றுமே வராது. பாவம், இருபது வயலின்கள் சேர்ந்து அவருக்குப் பதிலாக அழுதன. அந்தக் கூலி அழுகைக்காகவே அதை நாலு தடவை கேட்டேன்.

அதற்குமேல் கை ஓடவில்லை. மூன்றாவதை அவள் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை. சாப்பிடக் கொடுக்காமல் ருசியை வர்ணிக்கிற மாதிரி இருந்தது. அழிக்கலாமா? அழிக்கவில்லை. அனுப்பிவிட்டேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

அக்காவின் பதில்: “கூலி அழுகைப் படத்துக்கு நீ எழுதினியா?” இல்லை என்றேன். “அப்ப வேண்டாம். நீ எழுதினது வந்தா சொல்லு.”

நடுத்தெருவில் நின்று படித்தேன். ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். திட்டட்டும்.

மார்ச் 30, திங்கள்

கொலைப் படம். அக்காவுக்காகவே அனுப்பி வைத்த மாதிரி.

முகமூடிக்காரன் வரும்போதெல்லாம் மூன்றே ஸ்வரம். தாழ, தாழ, சட்டென்று மேலே. சரி, இருக்கட்டும். இருபதாவது நிமிஷத்தில் வீட்டுச் சித்தப்பா எல்லாருக்கும் காபி கொண்டுவருகிறார். சாதுவான மனிதர். அடியில் புல்லாங்குழல், ஆற அமர, அதே மூன்று ஸ்வரம்! தியேட்டரில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினேன்.

எழுதினேன்: [முகமூடிக்காரனின் அதே மூன்று ஸ்வரம், இப்போது புல்லாங்குழலில், சித்தப்பாவின் காபியோடு]

என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த வரி இது. படத்தின் பெயரை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அந்த மிகச் சிறந்த வரிக்குப் பார்வையாளர் ஒருவரிடமிருந்து புகார் வந்திருக்கிறது.

“கொலைகாரன் யார் என்று இருபதாவது நிமிஷமே எழுதிவிட்டீர்கள். மீதி நூறு நிமிஷம் நான் என்ன செய்யட்டும்?”

அட லூசே, என்னைத்தான் சொல்கிறேன். காதில் விழுகிறவர்களுக்கு அந்தப் புல்லாங்குழல் காற்றோடு போகும். மனசுக்குள் எங்கேயோ லேசாகச் சுருக்கென்றிருக்கும், அவ்வளவுதான். நான் பெயர், விலாசத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! இத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறேன், இது எனக்குத் தோணவே இல்லையே.

ஏப்ரல் 10, வெள்ளி

கமா சார் கூப்பிட்டார். நாலு படத்தின் நடுப்பகுதியையும் அச்செடுத்து வைத்திருந்தார். அறுபத்து மூன்று வரி. ஒவ்வொன்றையும் மளிகைச் சீட்டு வாசிப்பது போல வாசித்தார். மாடி ஏறும் குழலில் நின்றார்.

“குழல் எங்கேயாவது மூச்சு வாங்குமா?”

“அது அதை மட்டும்தான் சார் செய்யும்” என்றேன். என் வாய் இருக்கிறதே.

தாள்களை மறுபடி புரட்டினார். “இவ்வளவுலயும் ஒரு கமா தப்பு இல்ல” என்றார். அதுதான் அவருக்கு ரொம்ப வருத்தம் போலிருந்தது. பிறகு தீர்ப்பு. அறுபத்து மூன்றும் பன்னிரண்டுக்குள் திரும்ப வேண்டும். எனக்கு ஆறு மாசம் படம் கிடையாது, சமையல் நிகழ்ச்சிதான். பக்கத்து சீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கூசாமல் புளுகினேன்.

ஆபீஸ்ல அழக் கூடாதுன்னு இருந்தேன். பாத்ரூம்ல போய் அழுதேன். வேலைக்காக இல்ல. இப்பத்தான் அக்கா “வந்தா சொல்லு”ன்னா. இனிமே என்னத்தைச் சொல்றது?

ஏப்ரல் 11, சனி

சொல்லிவிடலாம் என்று போனேன். கதவைத் திறந்ததும் அக்கா போட்ட சத்தத்தில் நாலு மாடியும் எட்டிப் பார்த்திருக்கும்.

“சித்தப்பாதான்னு ஏன்டி எழுதின?”

கொலைப் படத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை என்னைத் திட்டிக்கொண்டே. இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு. மூன்று ஸ்வரம் எங்கெங்கே வருகிறது என்று நிமிஷ வாரியாகக் குறித்து வைத்திருந்தாள், பல் அளவு எழுதும் அதே நோட்டில். நான் வாயைத் திறக்குமுன் நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கடைசியில் சித்தப்பா பிடிபடும்போது அந்த மூன்று ஸ்வரம் வரவில்லையாம். விட்டது நானா, இசையமைப்பாளரா?

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அங்கேயே ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பதறிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்வரம்தான் இருந்தது. மூன்றாவதை அவர்தான் விட்டிருக்கிறார்.

“கெட்டிக்காரன்” என்றாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் ஓர் இசையமைப்பாளரை அவள் பாராட்டக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சமையல் விஷயத்தைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நன்றி கெட்ட ஜென்மம். பிறகு நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

[வதக்கும் ஓசை]. [மேலும் வதக்கும் ஓசை]. கமா சார் வந்து பார்த்துவிட்டு, ‘மேலும்’ அவசியமா என்று கேட்டார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் அக்காவிடமிருந்து சேதி: “மாட்டினி. ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். போனை சார்ஜ் போட்டு வா.”

தியேட்டரில் அடியில் எழுத்து ஓடாது. தெரிந்துதான் எடுத்திருக்கிறாள். திரை நான்தான். போன் வெளிச்சத்தைக் குறைத்து மடியில் வைத்து, வசனத்தையும் இசையையும் கைக்கு வந்தபடி தட்டினேன். ஆயிரம் எழுத்துப் பிழை. கமா ஒன்றுகூட இல்லை. பின் சீட்டுக்காரர் வெளிச்சத்துக்காக இரண்டு தடவை உச்சுக் கொட்டினார். அக்கா கை இரண்டையும் நாற்காலிக் கைப்பிடியில் வைத்து, டிரம்ஸ் அதிரும்போதெல்லாம் எனக்கு முன்னாலேயே தலையாட்டினாள்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா இறந்துபோன வீட்டைப் பூட்ட வருகிறாள் ஒரு பெண். விளக்கை அணைக்கிறாள். கதவை இழுக்கிறாள். இதோ வயலின் கூட்டம் வரப் போகிறது என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. இருந்த இசையும் நின்றுபோனது. சாவி திரும்பும் சத்தம்கூட இல்லை. முந்நூறு பேர் மூச்சு விடவில்லை. நானும் எழுத மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா முழங்கையால் இடித்தாள். “என்ன வருது?” அரங்கம் முழுக்கக் கேட்டது.

அவசரமாகத் தட்டினேன். [ஒன்றுமில்லை. எல்லாம் நின்றுவிட்டது. இங்கே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை]

படித்தாள். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் வரிசை வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களையும் நிதானமாகப் பார்த்தாள்.

“இப்ப எல்லாரும் என் கட்சி” என்றாள், உரக்க.

பின் சீட்டுக்காரர் ‘உஷ்’ என்றார். நான் அதை எழுதிக் காட்டவில்லை.