இருபது நிமிஷம்

கொட்டாஞ்சேனை,
12.02.1964

அன்புள்ள முத்தப்பனுக்கு,

மகளின் கல்யாண வேலையில் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பாய். ஆனாலும் இதை முழுக்க வாசி.

ஊருக்குப் போன இந்திய வியாபாரிகள் இங்கே திரும்பி வரக்கூடாது என்ற சட்டமூலம் நேற்றுப் பாராளுமன்றச் சபைக்கு வந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாள். வாக்கெடுப்பு நடந்தால் எங்கட பக்கம் தோற்கும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு பேச எழும்பினவன், சபை கலையும்வரை திரும்ப உட்காரவேயில்லை. உன்ர கடை இருக்கிற புறக்கோட்டையில் ஒவ்வொரு தெருவின் சரித்திரமும் சொன்னேன். "கௌரவ உறுப்பினர் விஷயத்துக்கு வரலாமே" என்றார் சபாநாயகர். "வந்துகொண்டுதான் இருக்கிறன்" என்றேன். நேரம் முடிந்தது, சட்டமூலமும் விழுந்தது! தொண்டை போய்விட்டது. மனிசி செலீன் கொத்தமல்லித் தண்ணீர் அவித்துத் தருகிறாள்.

கல்யாணம் முடிந்ததும் கெதியாய் வா.

உன்ர கிளெமென்ற்


தேவகோட்டை,
25.02.1964

பிரியமுள்ள கிளெமென்றுக்கு,

உன் கடிதத்தை வாசித்து நானும் வீட்டுக்காரி நாகம்மையும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? பிறந்ததே அங்கேதானே.

ஒரு குறை. கல்யாணத்துக்கு வருவேன், மாட்டேன் என்று ஒரு வரி எழுதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தேதியை ஆவணிக்குத் தள்ளிவிட்டார்கள். முடித்துக்கொண்டு வருகிறேன்.

முத்தப்பன்


கொட்டாஞ்சேனை,
03.06.1964

அன்புள்ள முத்தப்பனுக்கு,

எனக்கு ஒன்றும் விளங்கேல்லையடா.

துறைமுகத்தில் வேலை செய்யும்போது செத்தவர்களின் குடும்பத்துக்கு நட்டஈடு கிடைக்க நான் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தேன். எங்கட சூசைதாசன் கிரேன் கொக்கி விழுந்து போனவன், தெரியும்தானே? அவன்ர மனிசி நேசம் பார்வையாளர் மாடத்தில் வந்து இருந்தாள். கப்பல் கம்பனிக்கார உறுப்பினர் எழும்பினார். கயிறு திரிக்கிற விதம், நங்கூரத்தின் வகை என்று பொழுதுபடும்வரை பேசினார். நான் செய்த அதே வேலை! வெளியில் வந்து நேசம் கேட்டாள்: "அண்ணை, அவர் எங்கட சட்டத்தைப் பற்றி எப்பத்தான் கதைப்பார்?"

இப்போது நிலையியற் கட்டளையை, சபையில் பேசுகிற விதியை, மாற்றப் போகிறார்கள். ஆளுக்கு இருபது நிமிஷம். மணி அடித்தால் உட்காரவேண்டும். எல்லாக் கட்சியும் இதில் பிளந்து கிடக்கிறது. என் ஒரு வாக்கே முடிவாகலாம். விதி வந்தால் நேசத்துக்கு நல்லது. உன்னை மறிக்கிற அந்தச் சட்டமூலம் திரும்பி வந்தால்? காலையில் ஒரு புத்தி, பின்னேரம் வேறு புத்தி. நீ என்ன சொல்கிறாய்?

கிளெமென்ற்


தேவகோட்டை,
16.06.1964

கிளெமென்றுக்கு,

என்னிடம் ஏன் கேட்கிறாய்? வேண்டாம் என்றால் சுயநலம். சரி என்றால் பொய். நேசத்தின் முகம் எனக்கும் தெரியும். எனக்கும் குழப்பம்தான். எனக்காக என்று ஒன்றும் செய்யாதே.

முத்தப்பன்


கொட்டாஞ்சேனை,
09.08.1964

அன்புள்ள முத்தப்பனுக்கு,

விதிக்கு ஆதரவாகக் கை தூக்கினேன். நேசத்தின் சட்டம் போன மாதம் நிறைவேறியது. மீன் கட்லட் செய்து கொண்டுவந்தாள். சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை.

நேற்று உன்ர சட்டமூலம் திரும்பி வந்தது. எனக்கும் இருபது நிமிஷம்தான். மணி அடித்தது, உட்கார்ந்தேன். நிறைவேறிவிட்டது. உன் கல்யாண வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவேன்? சரி செய்தேனா, பிழை செய்தேனா, தெரியவில்லை. ஏசியாவது ஒரு வரி எழுது.

கிளெமென்ற்


தேவகோட்டை,
02.09.1964

கிளெமென்றுக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. புறக்கோட்டைக் கடையை விற்கச் சொல்லித் தம்பி ஏகப்பனுக்கு எழுதிவிட்டேன்.

ஏச எனக்கு வார்த்தை வரவில்லை. நாகம்மை ஒன்று கேட்டாள். "அவருக்கு இருபது நிமிஷம் கிடைத்ததே, அதில் உங்கள் பேரைச் சொன்னாராமா?" சொன்னாயா?

முத்தப்பன்


கொட்டாஞ்சேனை,
11.09.1964

முத்தப்பா,

சொன்னேன். "என் சிநேகிதன் முத்தப்பன்" என்றுதான் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்தது, என் அப்பா செத்தபோது நீ மூன்று நாள் எங்கட வீட்டில் படுத்தது, இரண்டு பேரும் காலிமுகக் கடற்கரையில் மழையில் நனைந்தது, எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

சட்டமூலத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையடா.

கிளெமென்ற்