தங்கைக்குக் கொடுத்த எண்

பிரைலா,
4 அக்டோபர் 2004

என் ருக்ஸாந்த்ரா கண்ணுக்கு,

இத்தாலியில் கிழவர்களைக் கவனித்துக் கவனித்து நீ களைத்திருப்பாய். நானும் களைத்துத்தான் போனேன். நம் கட்டடத்தில் யார் வீட்டில் இன்டர்நெட் நின்றுபோனாலும் இந்த மாமாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி இழுத்து, எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று கட்டிவைத்தவன் நான்தானே! தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

ஞாயிறுதோறும் நீயும் அம்மாவும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும்போது இணைப்பு அறுந்துபோவதற்கு நான் பொறுப்பில்லை. ஆற்றுப் பனி கம்பிக்குள் இறங்கிவிடுகிறது. ஐந்தாம் மாடி எவ்டோகியா படிக்கட்டில் நிறுத்தி, "ஏன்யா திதுஸ், ஒன் தங்கச்சி வீட்டுல மட்டும் இன்டர்நெட்டு ஏன் சாகுது? அதுவும் ஒன்ன மாதிரி வாயிலதான் வேல செய்யுதா?" என்றாள். "ஒங்க முட்டைக்கோஸ் வேகற நாத்தத்துல கம்பி மயங்கிடுதும்மா" என்றேன்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நான்தான் ஓர் எண் போட்டுக் கொடுத்தேன்; தங்கைக்கு அந்நிய எண்ணா கொடுப்பேன்? என் கம்ப்யூட்டரின் எண்ணையே கடைசிப் புள்ளி வரை அப்படியே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உன் மாமா,
திதுஸ்

டூரின்,
14 அக்டோபர் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொன்னால் கத்துவீர்கள்; அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. "அதுக்குள்ள ஒரு தடவ ஒன் மொகத்த முழுசா பாத்துக்கறேன்டி" என்கிறாள். எனக்கோ லீவு இல்லை.

பனி இல்லை மாமா, எண்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி முகவரி வேண்டும். இரண்டு வாசலில் ஒரே கதவெண் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? ஞாயிறு சாப்பாடு ஆனதும் நீங்கள் உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியைப் போடுகிறீர்கள், இங்கே அம்மா முகம் மறைகிறது. இரண்டில் ஒன்றை வேறு யாரிடமும் இல்லாத எண்ணாக மாற்றிவிடுங்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

உங்கள்,
ருக்ஸாந்த்ரா

பிரைலா,
25 அக்டோபர் 2004

கண்ணு,

எண் மாற்றுவது எனக்குத் தூக்கத்தில் செய்கிற வேலை. ஆனால் எது காலி? யாருக்கு எதைக் கொடுத்தேன் என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. இப்போது தேடினால் பாதி அகப்படவில்லை. குத்துமதிப்பாக என் பெட்டிக்கு ஒன்றைப் போட்டேன். எவ்டோகியா கரண்டியோடு இறங்கி வந்தாள்: "இப்ப என் வீட்டுதும் போச்சுய்யா! ஒன் கைய வச்சிக்கிட்டு சும்மா இரேன்!"

அதனால் தங்கைக்குக் கொடுத்தது தங்கையிடமே இருக்கட்டும். என் பெட்டியின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரிமேல் வைத்துவிட்டேன். என் கண்களுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

நேற்று நீங்கள் பேசியபோது நான் உங்கம்மா வீட்டில், பக்கத்துச் சமையலறையில்தான் இருந்தேன். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. "கிட்ட வாடி, இன்னும் கிட்ட" என்று உங்கம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். சூப் ஆறிப்போயிற்று. நான் கூப்பிடவில்லை.

மாமா,
திதுஸ்